அடி விழும் இடம்: ராணுவக் கைத்துப்பாக்கிகளின் ஆயுளும் வடிவமைப்பு மாற்றங்களும்

ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று எத்தனை ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்வது சரியாக இருக்காது. குழலுக்கு ஓர் ஆயுள், ஸ்பிரிங்குக்கு ஓர் ஆயுள், குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் உலோகக் கூடான ஸ்லைடுக்கும், கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகமான சட்டகத்துக்கும் வேறு வேறு ஆயுள். கனமான எஃகில் செய்த துப்பாக்கிதான் நீடித்து உழைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். அடி எந்தப் பாகத்தில் விழ வேண்டும், முதலில் தேய வேண்டியது எது, உடைந்தால் சுடுபவருக்கு என்ன ஆகும் என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்த வடிவமைப்புதான் உண்மையில் நீடிக்கிறது என்பது, இந்தத் துப்பாக்கிகளின் வரலாற்றைத் தொடர்ந்து படித்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

சுடும் கணத்தில் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டா வெடித்ததும் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிய நிலையிலேயே சில மில்லிமீட்டர் தூரம் பின்னால் நகர்கின்றன. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிய பிறகு பூட்டு விலகுகிறது, குழல் நின்றுவிடுகிறது, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போய்ச் சட்டகத்தில் மோதித் திரும்புகிறது. ஆக, ஒவ்வொரு முறை சுடும்போதும் இரண்டு மோதல்கள் நிகழ்கின்றன: குழலை நிறுத்தும் இடத்தில் ஒன்று, ஸ்லைடை நிறுத்தும் இடத்தில் மற்றொன்று. பெரும்பாலான விரிசல்கள் இந்த இரண்டு இடங்களிலோ, பூட்டு பொருந்துவதற்காக உலோகத்தை வெட்டி எடுத்த பள்ளங்களின் கூர்மையான மூலைகளிலோதான் தொடங்குகின்றன.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த, பின்னர் எம்1911 என்று பெயர்பெற்ற கோல்ட் துப்பாக்கி 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவத்தின் சோதனையில் 6,000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டு முடித்தது. அதே சோதனையில் போட்டியிட்ட சாவேஜ் துப்பாக்கி 37 முறை தடைபட்டது. பூட்டுவதற்கான முகடுகள் குழலின் மேற்பரப்பிலேயே கடையப்பட்டிருந்ததும், எஃகுச் சட்டகம் தாராளமான கனத்தோடு இருந்ததும் அந்த வெற்றிக்குக் காரணங்கள். இன்னொரு காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது சுட்ட .45 ஏசிபி தோட்டாவின் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 21,000 பவுண்டு, 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவுக்கு அது 35,000 பவுண்டு. மெதுவான தோட்டாவுக்குக் கனமான இயந்திரம் என்ற அந்தப் பொருத்தம் பிற்காலத்துத் துப்பாக்கிகளுக்கு வாய்க்கவில்லை. 1920களின் நடுவில் வந்து அதை எம்1911ஏ1 ஆக்கிய மாற்றங்களைப் பார்த்தால், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையைக் குட்டையாக்கியதும், கைப்பிடியை இறுகப் பிடித்தால் மட்டுமே சுடவிடும் கைப்பிடிப் பாதுகாப்பின் நுனியை நீட்டியதுமாக எல்லாமே கைக்கு வசதி செய்து கொடுத்தவை. பூட்டின் அமைப்பில் கை வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. 1945க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் இவற்றைப் புதிதாக வாங்கவில்லை. இருந்தவற்றையே பழுதுபார்க்கும் கூடங்களில் குழலும் ஸ்பிரிங்கும் மாற்றி 1985 வரை ஓட்டியது.

எஃகுச் சட்டகம் என்றால் கவலையில்லை என்று இதை வைத்து முடிவுகட்டுபவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது சுவீடனின் லாத்தி எம்/40 துப்பாக்கியை. பனியிலும் சேற்றிலும் இயங்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட, பார்க்கவே முரட்டுத்தனமான ஆயுதம் அது. இயந்திரக் கைத்துப்பாக்கிக்கென்று பின்னாளில் உருவாக்கிய வீரியம் மிகுந்த எம்/39பி தோட்டாக்களை இதிலும் போட்டுச் சுட்டதில், எஃகுச் சட்டகங்கள் விரிசல் விட்டன. கடைசியில் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்கும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த எம்/07 துப்பாக்கிகளைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நிலை வந்தது. தோட்டாவை மாற்றினால் துப்பாக்கியின் ஆயுள் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மானியர்கள் இதே பிரச்சினையைக் கையாண்ட விதம் என்னை மிகவும் கவர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் தங்கள் ராணுவம் பயன்படுத்திய வால்தர் பி38 கைத்துப்பாக்கியைப் போருக்குப் பிறகு அலுமினியச் சட்டகத்தோடு மீண்டும் தயாரித்தார்கள். பி1 என்ற பெயரில் அது மேற்கு ஜெர்மனி ராணுவத்தில் நெடுங்காலம் இருந்தது. எடை குறைந்தது, ஆனால் குழலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்கும் தனிப் பாகமான பூட்டுக் கட்டை வந்து மோதும் இடத்தில் மெல்லிய அலுமினியம் தாக்குப்பிடிக்கவில்லை. ஸ்லைடைத் தடிப்பாக்கினார்கள், 1970களில் சட்டகத்தின் குறுக்கே ஓர் அறுகோண எஃகு ஆணியையும் செருகினார்கள். பிற்காலத்து பி1 ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்தால், விசைக் காப்புக்குச் சற்று மேலே அந்த ஆணியின் ஆறுமூலை முனை சட்டகத்தின் பரப்போடு சமமாகப் பதிந்து தெரியும். அந்தச் சிறிய எஃகுத் துண்டு அடியை வாங்கிக்கொள்வதால் அலுமினியம் பிழைத்துக்கொள்கிறது. முழுச் சட்டகத்தையும் மாற்றாமல், அடி விழும் ஓர் இடத்தில் மட்டும் எஃகை வைத்த இந்தச் சிக்கனமான தீர்வு, பிரமாதமான புதுக் கண்டுபிடிப்புகளைவிட உயர்ந்தது என்றே நினைக்கிறேன்.

பி38இன் அதே பூட்டுக் கட்டை முறையைத்தான் இத்தாலியின் பெரெட்டா 92 எடுத்துக்கொண்டது. 1985இல் எம்9 என்ற பெயரில் அது அமெரிக்க ராணுவத்துக்குள் நுழைந்து சில ஆண்டுகளுக்குள், சில துப்பாக்கிகளின் ஸ்லைடுகள் சுடும்போதே இரண்டாக முறிந்து, பின்பாதி சுட்டவரின் முகத்தில் வந்து மோதியது. கடற்படையின் சிறப்புப் படை வீரர்களும் காயமடைந்தார்கள். காரணம் உலோகக் கலவையா, தோட்டாவின் அழுத்தமா, அளவுக்கு மீறிய பயிற்சியா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. முறிவு நேர்ந்த இடத்தைப் பற்றி மட்டும் வாதமே இல்லை: பூட்டுக் கட்டையின் இறக்கைகள் பொருந்துவதற்காக ஸ்லைடின் இரு பக்கமும் வெட்டியிருக்கும் பள்ளங்கள். பெரெட்டாவின் ஸ்லைடுக்கு மேற்பகுதி திறந்தே இருப்பதால், அந்த இடத்தில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்திருப்பவை இரண்டு மெல்லிய பக்கச் சுவர்கள்தான்.

இதற்குச் செய்த மாற்றத்தில், சுத்தியல் சுழலும் ஆணியின் தலையைப் பெரிதாக்கி, அது பொருந்துமாறு ஸ்லைடின் அடியில் ஒரு பள்ளத்தை வெட்டினார்கள். ஸ்லைடு முறிந்தாலும் பின்பாதி அந்த ஆணித் தலையில் மாட்டி நின்றுவிடும். முகம் வரை வராது. முறிவே நேராது என்று வாக்குக் கொடுக்காமல், முறிந்தாலும் ஆளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று வகுத்த மாற்றம் இது. பெரெட்டாவின் 92எஃப் என்ற வகை 92எஃப்எஸ் ஆனது இதனால்தான். பூட்டுக் கட்டையின் இறக்கை உடலோடு சேரும் கூர்மூலையில் உலோகச் சோர்வு (திரும்பத் திரும்ப விழும் அடியால் உலோகம் வலுவிழப்பது) தொடங்குவதைக் கண்டு, அந்த மூலையை வளைவாக்கிப் பிற்காலத்துக் கட்டைகளைச் செய்தார்கள். இன்றும் பெரெட்டாவை அதிகம் சுடுபவர்கள் பூட்டுக் கட்டையைத் தேய்ந்தால் மாற்றும் பாகமாகவே கருதுகிறார்கள். அப்படிக் கருதுவதுதான் முறை. இராக்கில் இதே எம்9 மணலில் திக்கியபோது குற்றம் பெரும்பாலும் தோட்டாக்களை அடுக்கும் மேகசின்களின் சொரசொரப்பான பூச்சின் மேல் இருந்தது. வழுவழுப்பான பூச்சுள்ள மேகசின்கள் வந்தபின் நிலைமை சீரடைந்தது.

பாலிமர் சட்டகத்தை முதலில் கொண்டுவந்தது 1970இன் ஹெக்லர் அண்ட் கோக் விபி70. அதை ராணுவங்களின் பொதுவழக்கமாக்கியது 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17. இதில் பிளாஸ்டிக் எஃகின் வேலையைச் செய்வதாக எண்ணிவிடக் கூடாது. ஸ்லைடு ஓடுவது சட்டகத்தில் பதித்த சிறிய எஃகுத் தண்டவாளங்களின் மேல். குழலின் மோதலை வாங்குவது தனியான எஃகுக் கட்டை. பாலிமர் நெளிந்து கொடுத்து அதிர்வைப் பரப்பிவிடுகிறது. .40 தோட்டாவின் உதைப்புக்காக எஃகுக் கட்டையைப் பிடிக்கும் கூடுதல் ஆணி ஒன்று சேர்ந்தது. பிறகு 9 மி.மீ. வகைகளுக்கும் அதைப் பரப்பினார்கள். 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் 9 மி.மீ. துப்பாக்கிகளில் அதை எடுத்தேவிட்டார்கள். தேவையற்ற வலுவைக் கழற்றுவதும் முன்னேற்றம்தான். நான்காம் தலைமுறையில் ஸ்லைடுக்கான ஒற்றை ஸ்பிரிங்கை இரட்டை ஸ்பிரிங்காக மாற்றியபோது, தொடக்கத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற்று வேறு ஸ்பிரிங் தர வேண்டியிருந்தது; ஸ்பிரிங்கின் விறைப்பு ஸ்லைடின் வேகத்தையும் வெற்றுக்கூடு வெளியேறும் நேரத்தையும் ஒருசேரத் தீர்மானிப்பதால் அதைத் தனியாக மாற்ற முடியாது.

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் சாவர் எம்17, அதாவது பி320இன் ராணுவ வடிவம், இந்த வரிசையில் இன்னொரு படி. கீழே விழும்போது தானே வெடிக்கும் குறை வெளிப்பட்டு, அதே ஆண்டில் எடை குறைந்த விசையும் மாற்றியமைத்த உட்பாகங்களும் வந்தன. விழும் அதிர்ச்சியில் தன் எடையாலேயே பின்னால் நகர்ந்துவிடும் கனமான ஒரு விசை, பாதுகாப்பு விஷயத்தில் எவ்வளவு கேடு செய்ய முடியும் என்பதை அது காட்டியது. ஆயுளைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இதில் வரிசை எண் பொறித்த, சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வரும் பாகம், தண்டவாளங்களோடு சேர்ந்து உள்ளே உட்காரும் ஒரு சிறிய எஃகுத் தொகுதி மட்டுமே. வெளியே கையில் பிடிக்கும் பாலிமர்க் கூடு, தேய்ந்தாலோ உடைந்தாலோ கைக்கு அளவு பொருந்தாவிட்டாலோ மாற்றிக்கொள்ளும் உதிரிபாகம். லாத்தியில் சட்டகம் விரிசல் விட்டபோது துப்பாக்கியே போயிற்று. இங்கே சட்டகமாகத் தெரிவது போனால், புதிய கூட்டை மாட்டிக்கொண்டு அதே எண்ணோடு துப்பாக்கி பணிக்குத் திரும்பிவிடுகிறது.