டப்பாவில் எழுதியிருந்ததும் எழுதாமல் விட்டதும்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் நான் போகிற ஜிம்மில் ப்ரீ வேர்க்கவுட், அதாவது பயிற்சிக்கு முன் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஊக்கத் தூள், குடிக்காத பெடியள் குறைவு. குடித்துப் பத்து நிமிடத்தில் காதும் கன்னமும் எறும்பு ஊருவதுபோலக் கூசும். சாமான் வேலை செய்யுது என்று சந்தோஷப்படுவோம். அந்தக் கூச்சம், தூளில் சேர்க்கிற பீற்றா அலனின் என்ற அமினோ அமிலம் தோல் நரம்புகளைத் தூண்டுவதால் வருவது, அன்றைக்குத் தூக்கும் பாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ரெண்டு கரண்டி போடு தம்பி, நல்லா ஏறும்" என்று ஒரு அண்ணை சொன்ன அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. இரண்டு மணிக்கு அம்மா பயந்துபோய் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. ஈசிஜி எடுத்தார்கள். விடிய ஓரளவு அடங்கியது. டொக்டர் ஏசவில்லை. "அந்த டப்பாவில என்ன இருக்கெண்டு வாசிச்சனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

வாசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசித்தேன்.

'தனியுரிமைக் கலவை', அதாவது அளவுகளை வெளியில் சொல்லாத கம்பனியின் சொந்தக் கலவை, என்று போட்டு, மொத்தம் இத்தனை கிராம் என்று ஒரே ஒரு எண். உள்ளே பதினொரு பெயர்கள். எதில் எவ்வளவு என்று இல்லை. கஃபீன் மூன்றாவதாக இருந்தது. கீழே குவாரானாவும் பச்சைத் தேயிலைச் சாறும். அவை இரண்டிலும் கஃபீன்தான். வளர்ந்த ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரே தடவையில் 200 மில்லிகிராமும் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமும் வரை பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. ஒரு கோப்பைத் தேநீரில் ஏறக்குறைய 50. நான் இரண்டு கரண்டியில் எத்தனை கோப்பை குடித்தேன் என்று அந்த லேபிளை வைத்துக் கணக்குப் பார்க்க வழியே இல்லை. எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

பட்டியலின் கடைசியில் ஜெரேனியம் சாறு. பூஞ்செடிதானே என்று விட்டிருப்பேன், ஆனால் டிஎம்ஏஏ என்ற ஊக்கி பல டப்பாக்களில் அந்தப் பெயரோடுதான் விற்கப்பட்டது. இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றுகிற சாமான். 2012 லண்டன் மரதனில் 30 வயதுப் பெண் ஒருவர் ஓடும்போதே இறந்தார். விசாரணையில் டிஎம்ஏஏயும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. என் டப்பாவில் அது இருந்ததா என்று எனக்குச் சொல்ல முடியாது. லேபிளை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

2023இல் அமெரிக்காவில் இப்படியான 57 உற்பத்திகளை வாங்கி ஆய்வுகூடத்தில் சோதித்திருக்கிறார்கள். 23இல் லேபிளில் சொன்ன மூலிகைப் பொருள் அறவே இல்லை. சொன்ன அளவுக்குக் கிட்ட இருந்தவை ஆறு மட்டுமே. ஏழில் தடைசெய்யப்பட்ட பொருள். அங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றுக்கு விற்பனைக்கு முன் அரச அங்கீகாரம் தேவையில்லை.

டப்பாவில் 'இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட்' முத்திரை இருந்தது, தடைசெய்யப்பட்ட பொருட்கள் இருக்கா என்று சோதிக்கிற அமைப்பின் முத்திரை. அவர்கள் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியையும் (batch) தனித்தனியாகச் சோதிக்கிறவர்கள், அதனால் முத்திரையைப் பார்த்தால் போதாது. அடியில் அச்சிட்ட தொகுதி இலக்கத்தை அவர்களின் தளத்தில் போட்டுப் பார்க்கவேண்டும். போட்டேன். என் இலக்கம் இல்லை. நாலு தரம் போட்டேன்.

இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் டப்பாவில் எங்கேயும் இல்லை. கடையில் கேட்டால், "தெரிஞ்ச ஆள் கொண்டு வாறவர்" என்றார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். எழுத்தில் தரச் சொன்னார்கள். கடிதம் தமிழில்தான் எழுதினேன், ஒரு பக்கம். டப்பாவை நாலு பக்கமும் எடுத்த படங்களை இணைத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டார்கள், அங்கேதான் இடறியது. பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தும் நான் பில் வாங்கியிருக்கவில்லை. வங்கிக்குப் போய், கார்ட்டில் கட்டிய பதிவை எடுத்துக் கொடுத்த பிறகு முறைப்பாட்டை ஏற்றார்கள்.

விசாரணை இன்னும் முடியவில்லை. மிச்சத் தூளை எறியவேண்டாம் என்று சொன்னதால், டப்பாவை ஒட்டுநாடா சுற்றி அலுமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். போன கிழமை ஜிம்மில் இரண்டு தம்பிமார் தங்கள் டப்பாக்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்றில் தொகுதி இலக்கம் சுரண்டப்பட்டிருந்தது.