"தோளைத் தூக்காதே!"

எட்டு வருஷம் பரதம் கற்றவள் நான். டான்ஸ் டீச்சரிடம் அதிகம் வாங்கிய திட்டு இதுதான்: "தோளைத் தூக்காதே!" அரைமண்டியில் தொடை நடுங்கினாலும் தோள் பலகை மாதிரி நிற்க வேண்டும். நின்றது. கணவருக்கு எத்தியோப்பியாவில், தானா ஏரிக்கரையிலுள்ள பாஹிர் தார் நகரில், விரிவுரையாளர் வேலை கிடைத்து நாங்கள் வந்திறங்கியபோதும் அந்தப் பலகை என்னோடுதான் வந்தது.

வீட்டுக்கார அம்மாவை ஊரே கூப்பிடுகிற மாதிரி நானும் 'எமாமா' என்பேன். ஜனவரியில் அவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். திம்கத் பண்டிகை முடிந்த கையோடு இங்கே முகூர்த்த சீசன். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கிவிட்டால் 55 நாளைக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது. "வந்து சாப்பிட்டுவிட்டு ஓடலாம் என்று பார்க்காதே, எஸ்கிஸ்தா ஆட வேண்டும்" என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டார்.

எஸ்கிஸ்தா அம்ஹாரா மக்களின் ஆட்டம். காலுக்குப் பெரிய வேலையில்லை. தோள், நெஞ்சு, கழுத்து, அவ்வளவுதான். அதாவது, நான் எதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேனோ அது!

வகுப்பு நடந்தது காப்பி நேரத்தில். கொட்டையை வறுத்து, இடித்து, ஜெபெனா என்கிற மண்கூஜாவில் கொதிக்கவிட்டு மூன்று சுற்று ஊற்றுவார்கள்: அபோல், தோனா, பெரெக்கா. முதல் சுற்றில் ஊர்க்கதை. இரண்டாவதில் பாடம். மூன்றாவது என் தோள்வலிக்கு ஆறுதல்.

நெத்தெலா என்ற மெல்லிய வெள்ளைத் துணியை என் இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டு, எமாமா பின்னால் வந்து நின்றார். இரண்டு கட்டைவிரலையும் என் தோள்பட்டை எலும்புக்கு அடியில் வைத்து அழுத்தினார். "தோளை ஆட்டாதே. மூச்சை விடு." பல்லிடுக்கில் 'இஸ்... இஸ்...' என்று மூச்சு போக வேண்டும். ஒவ்வொரு 'இஸ்'ஸுக்கும் தோள் விழுந்து, தானாக எழும்ப வேண்டும். என் தோள் எழும்பியது. கூடவே முழங்கை, கழுத்து, வயிறு எல்லாம் எழும்பின. மழையில் நனைந்த கோழி உதறிக்கொள்வது போல இருந்தது என்றார் கணவர். எமாமா மட்டும் "அய்ஸோஷ்" என்றார். துவண்டுபோன பெண்ணிடம் 'தைரியமா இரு' என்று சொல்லும் சொல் அது. அந்த இரண்டு மாதத்தில் எத்தனை அய்ஸோஷ் வாங்கினேன் என்று கணக்கில்லை.

தாளம்தான் காப்பாற்றியது. சிக்சிகா என்று சொல்லும் அந்த நடைக்கு 'தகிட தகிட' போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. இன்னொன்று: திஸிதா என்று ஒரு சுர வரிசை உண்டு. அதில் ஒரு வகையின் சுரங்கள் அப்படியே நம் மோகனம். குதிரைமயிரால் ஆன ஒற்றைத் தந்தி போட்ட மசின்கோவில் அதைக் கேட்க வேண்டும். நமக்கு மோகனம் என்றால் மலர்ச்சி. திஸிதா என்ற சொல்லுக்கோ நினைவு, ஏக்கம் என்று பொருள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'எத்தியோப்பிய நடனம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எமாமாவுக்குக் கோபம் வரும். திக்ராயில் வட்டமாக, நிதானமாகச் சுற்றி வருவார்கள். குராகே ஆட்டத்தில் கால் பறக்கும். எஸ்கிஸ்தாவிலேயே கோஜாம் தோள் வேறு, கோந்தர் தோள் வேறு, வொல்லோ தோள் வேறு. எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவர் டிவியில் பத்து விநாடி பார்த்தால் போதும், ஊரைச் சொல்லிவிடுவார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை உள்ளே விடமாட்டோம் என்று பெண் வீட்டார் வாசலை மறித்துப் பாடினார்கள். நடுவில் நாக்கைச் சுழற்றி 'இலில்தா' எழுப்பினார்கள் பாருங்கள், அசல் குலவை! நானும் போட்டேன். மதுரைக்காரிக்குச் சொல்லியா தர வேண்டும்? நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எஸ்கிஸ்தாவில் எதிரும் புதிருமாக நின்று ஒருவரை ஒருவர் சீண்டி ஆடுவார்கள். எனக்கு எதிரே எமாமா. ஒரு நிமிஷம் இருக்கும். மூச்சை விட்டேன், தோள் விழுந்தது, எழும்பியது, முழங்கை சும்மா இருந்தது. "கோபெஸ்!" என்று கத்தினார். சபாஷ் என்பது போல.

அதற்குள் மசின்கோ வாசிக்கும் அஸ்மாரி என்னைப் பார்த்து இரண்டு வரி கட்டிப் பாட, வீடே சிரித்தது. எமாமா இந்த ஊர்ப் பணமான பிர் நோட்டு ஒன்றை அவர் நெற்றியில் ஒட்டினார். அஸ்மாரிகள் பாட்டில் 'மெழுகும் பொன்னும்' இருக்கும்; மேலுக்கு ஓர் அர்த்தம், உள்ளே வேறு. நம் சிலேடைதான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். இந்தியாவிலிருந்து மிளகாய் வந்திருக்கிறது என்று பாடினாராம். அது மெழுகு. பொன்னைக் கேட்டால் எமாமா இன்னொரு காப்பி ஊற்றுகிறார்.