பேசினாரா, ஏசினாரா?

2011 ஆம் ஆண்டு, மாரி தொடங்குவதற்குச் சற்று முந்திய நாள்கள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை நடந்துகொண்டிருந்தது. கூரையில் பாதிக்குத் தகரம், மீதிக்குத் தறப்பாள். 2009 இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி என்று ஒவ்வொருவரிடமும் இல்லாத கடதாசிகளின் பட்டியல் நீளமாக இருந்தது. ஏழெட்டு மேசைகள் போட்டு, கொழும்பிலிருந்து வந்த அலுவலர்களும் உள்ளூர்க்காரரும் கலந்து இருந்தார்கள்.

ஒரு மேசையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க சிங்களப் பொடியன். வரிசையில் முதல் ஆளாக, கையில் சொப்பிங் பையோடு ஒரு ஆச்சி. பொடியன் சிரித்த முகத்தோடு கையைக் காட்டிச் சொன்னான்:

“அம்மே, என்ன.”

ஆச்சி தலையை ஆட்டினா. “ஒண்டுமில்லை மோனை.”

“அம்மே, என்ன, என்ன!”

“ஒண்டுமில்லையெண்டு சொல்லுறனெல்லே!”

சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாருங்கள்’. அவன் கூப்பிடக் கூப்பிட, இவ தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நின்ற இடத்திலேயே சாதித்துக்கொண்டிருந்தா. நான் ஓடிப்போய் இரண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்தினேன். வரிசை முழுக்கச் சிரித்தது.

கதை அதோடு முடியவில்லை. கிட்டப் போன ஆச்சி, “ஐயா, என்ரை ஐடென்ரிகாட் மாத்தளனிலை துலைஞ்சு போச்சு” என்று தொடங்கினா. பொடியன் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டான், “என்ர ஆச்சியைவிட வயசு கூட இவவுக்கு, ஏன் என்னை அண்ணா எண்டு கூப்பிடுறா?” சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். இது எங்களிடம் மரியாதைச் சொல், அதிகாரியைக் கூப்பிடுவது என்றேன். அவனுக்கு அது அண்ணனைவிடக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆச்சி, வாடிவென்ன” என்று கதிரையைக் காட்டினான். ஆச்சி என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அவ உடனே இருந்துவிட்டா.

வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். 1988 இல் வந்த 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் அந்த மேசைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போடப்படவில்லை. வேறு அலுவலாகப் போன நான்தான் பின்னேரம் நாலு மணி வரை அதில் நின்றேன். பிற்காலத்தில், மொழி உரிமை மீறப்பட்டால் முறையிடுங்கள் என்று அரசாங்கம் ஒரு தொலைபேசி இலக்கம் அறிமுகப்படுத்தியது. இலக்கம் 1956. சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டு! அதைத் தெரிவு செய்தவருக்குப் பகிடி கூடவா, மனச்சாட்சி கூடவா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் வலிகாமம். 1995 இடப்பெயர்வோடு வன்னிக்கு வந்து, பிறகு வவுனியாவில் வளர்ந்தேன். சிங்களம் பக்கத்து வீட்டில் விளையாடப்போய் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு தகுதியில்தான் தொண்டு நிறுவனம் ஒன்றின் வீட்டுத்திட்டத்தில் வேலை கிடைத்தது. வேலைக் கடிதத்தில் ‘சமூக அணிதிரட்டுநர்’ என்று இருந்தது. சனத்துக்கு நான் ‘என்ஜிஓப் பிள்ளை’. மூன்று மொழியும் தெரிந்த ஆள் என்று அலுவலகத்தில் ஒரு மதிப்பு. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

சிங்களம், தமிழ் இடையில் நான் பெரிதாகப் பிழை விட்ட ஞாபகம் இல்லை. அங்கே இரண்டு தரப்புக்கும் பயம் இருந்தது. விளங்கவில்லை என்றால் திருப்பிக் கேட்பார்கள், கையைக் காட்டுவார்கள், எழுதிக் காட்டுவார்கள். நான் பிழை விட்டது தமிழுக்கும் தமிழுக்கும் இடையில்.

கிளிநொச்சியில் ஏ9 றோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் மலையகத்து ஆக்கள் குடியிருக்கும் கிராமங்கள் பல உண்டு. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்தோடும் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடில்லாதவர்களாக ஆக்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். காட்டை வெட்டிக் குடியேறினார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் நாற்று நட்டார்கள், அறுவடைக்கு அருவி வெட்டினார்கள். ஆனால் அந்த வயல்கள் பெரும்பாலும் வேறு ஆக்களுடையவை. அவர்கள் இருந்த குடியிருப்புக் காணிக்கே பல பேரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை.

வீட்டுத்திட்டங்கள் வந்தபோது இதுதான் வினையானது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், தவணை தவணையாக. மற்றத் திட்டங்களும் அதை ஒட்டித்தான் ஓடின. எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றே: காணி யாருடைய பெயரில்?

ஒருநாள் ஒரு கொட்டில் வாசலில் இருந்து முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பது வயது தாண்டிய பெண், கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். பயனாளிப் பட்டியலில் முதலில் பெயர் இருந்தது, பிறகு இல்லை. நான் எழுத வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

“தெரியலங்க அக்கா. சங்கத் தலைவரு வீட்டுக்கு வந்து பேசினாரு. அவரு பேசிட்டுப் போன பொறகுதான் எம் பேர எடுத்துட்டாங்க.”

எங்கள் வீட்டில் ‘அம்மா பேசினா’ என்றால் அம்மா கோபித்துக் கத்தினா என்று அர்த்தம். உரையாடுவது என்றால் ‘கதைக்கிறது’. பேச்சு வாங்கினேன் என்று சொன்னால் கேட்கிறவர் பரிதாபப்படுவார். சமாதானப் பேச்சுவார்த்தை என்ற சொல்லை வருடக்கணக்காக வானொலியில் கேட்டு வளர்ந்தும் எங்கள் வாய்க்கு அந்த அர்த்தம் ஏறவில்லை. ஆகவே நான் நல்ல எழுத்துத் தமிழில், “கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்து என்னை ஏசினார். அதன் பின்னர் எனது பெயர் நீக்கப்பட்டது” என்று எழுதினேன்.

முறைப்படி வாசித்தும் காட்டினேன். “சரியா அக்கா?” என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். கையெழுத்து வைத்தார்.

அந்தக் கடதாசி மேலே போனது. தலைவர் கூப்பிடப்பட்டார். அறுபது வயது மனுசன், பழைய கமக்காரர், தோளில் துவாயோடு வந்தவர் பிரதேச செயலகத்தில் எல்லோர் முன்னாலும் நின்றார். “நான் ஆரையும் ஏசேல்லை” என்று அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒருவருக்கொருவர் பார்வையால் ‘இப்பிடித்தான் சொல்லுவார்’ என்று கதைத்துக்கொண்டோம். மலையகத்து ஆக்களை இளக்காரமாக நடத்துகிற தலைவர் என்ற கதை எங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான கதை. அப்படியான ஆக்கள் இருந்தார்கள்தான். ‘தோட்டக்காட்டார்’ என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களை நான் எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். அதனால்தான் இவரைச் சந்தேகிக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டு கிழமை கழித்து, மரத்தடியில் கூட்டம். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், “அண்டைக்குத் தலைவர் என்ன சொல்லி ஏசினவர்?”

“ஏசுனாரா? யாரு?”

“நீங்கள்தானே சொன்னீங்கள், வந்து பேசினவர் எண்டு.”

“ஆமா, பேசினாரு. காணிக்கு பெர்மிட் இல்லாம இருக்கும்மா, கிராம சேவகருகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வா, இல்லாட்டி பேர எடுத்துருவாங்கன்னு சொன்னாரு. நல்லாத்தான் பேசினாரு. டீ கூட குடிச்சாரு.”

எனக்குக் காது சூடேறியது. “அப்ப நான் வாசிக்கேக்கை ஏன் சரி எண்டனீங்கள்?”

“நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேங்க. ஒங்க பாஷைல அப்பிடித்தான் சொல்லுவாங்க போலன்னு.”

ஒங்க பாஷை. நான் அவரோடு பேசியது என் தாய்மொழி, அவருக்கும் அது தாய்மொழி. அவர் என் தமிழுக்கு இடம் விட்டுத் தலையாட்டினார். நான் அவருடைய தமிழை ஒரு தடவைகூடச் சந்தேகிக்காமல் என் தமிழாக மாற்றி எழுதிவிட்டேன். பேனை என் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முற்றத்தில் நெல்லுக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கையால் நெல்லைப் பரவிக்கொண்டே இருந்தார். கடைசியில், “சொல்லொண்டு மாறினது சரி பிள்ளை. அண்டைக்கு நான் சொன்னதை ஒராளும் கேக்கேல்லையே” என்றார். பிளேன்ரீ தந்தார். குடித்துவிட்டு வந்தேன். திருத்திய கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு தலைவர் பதவிக்கு நிற்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நான் கேட்கத் துணியவில்லை.

அதற்குப் பிறகு ‘சரியா?’ என்று கேட்பதையே விட்டுவிட்டேன். சரியா என்ற கேள்விக்கு வன்னியில் ஒரே பதில்தான், தலையாட்டல். நிவாரணம் வாங்கி, பதிவு கொடுத்து, வரிசையில் நின்று பழகிய சனம் கடதாசியோடு வருகிற ஆளிடம் இல்லை என்று சொல்லாது. பதிலாக, “நான் என்ன எழுதியிருக்கிறன் எண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்கத் தொடங்கினேன். முதலில் வெட்கப்படுவார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. பிறகு சொல்வார்கள். ஒரு முறைப்பாட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் போகும். வாரத்துக்கு இத்தனை படிவம் என்ற கணக்கு பிந்தும். மேலாளரிடம் நான் அதற்காகப் பேச்சு வாங்கினேன். இந்தப் ‘பேச்சு’ என் தமிழில்.

அப்போதுதான் மற்றச் சொற்களும் கண்ணில் படத் தொடங்கின. என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தம்பி எல்லோரையும் ‘இரும், சொல்லும்’ என்பான். ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் எங்களுக்கு ஒரு ‘நீர்’ உண்டு. மலையகத்து அக்காமாருக்கு அது ‘இரு, சொல்லு’ என்று அதட்டுவதாகத்தான் கேட்டது. அவர்களுக்கு ‘வாங்க, உக்காருங்க’தான் மரியாதை.

முல்லைத்தீவில் இன்னொன்று. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம் மக்களில் சிலர், இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு தண்ணீரூற்றுப் பக்கம் திரும்பி வந்திருந்தார்கள். எங்கள் படிவத்தில் அவர்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’. 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் ‘புதிய’. முன்னுரிமை புதியவர்களுக்கு. ஒரு பெரியவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், “பழசு எண்டா என்ன மகள், எக்ஸ்பயரி ஆனதா?” 1990 இல் ஒரு குடும்பமாகப் போனவர், மூன்று மகன்மாருக்கும் கலியாணம் முடிந்து நாலு குடும்பமாக வந்திருந்தார். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. அதற்கு என்னிடம் மொழிபெயர்ப்பு இருக்கவில்லை. பக்கத்தில் பேனையால் கோடு போட்டு இன்னும் மூன்று கட்டம் வரைந்தேன். அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இடையில் வவுனியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள், பல்லினக் கலாசாரத் தொடர்பாடல் என்று. வட்டமாக நின்று பந்தை எறிந்து பெயர் சொன்னோம். கண்ணைப் பார்த்துக் கதையுங்கள் என்றார்கள். காணாமல் போன மகனைப் பற்றிச் சொல்கிற தாய் நிலத்தைப் பார்த்துத்தான் சொல்லுவா, அப்போது நானும் நிலத்தைத்தான் பார்ப்பேன். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு அந்த வருடம் வீடு கிடைக்கவில்லை. காணி கொடுப்பதற்கான விசாரணையான காணிக் கச்சேரி வைத்து, அனுமதிப்பத்திரம் கைக்கு வந்து, அடுத்த பட்டியலில் பெயர் ஏற இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

போன வருடம் கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது யாரோ தோளில் தட்டினார்கள். திரும்பினால் அவர்தான். தலை நரைத்திருந்தது, பக்கத்தில் பேரப்பிள்ளை. பிள்ளை நல்ல வன்னித் தமிழில், “அம்மம்மா, ஆரிவ?” என்று கேட்டது.

“ஒங்ககூட கொஞ்சம் பேசணுங்க அக்கா” என்றார். பிறகு என் கைப்பையைப் பார்த்து, “பேனாவ வெளிய எடுத்துறாதீங்க” என்று சொல்லிவிட்டு, சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.