ஈன்ற நாளிலிருந்து எண்ணுங்கள்: கறவை மாட்டுத் தாளும் வாய்மொழித் தேர்வும்

கால்நடை மருத்துவப் படிப்பின் கறவை மாட்டுத் தாளுக்கு முடிவு வந்துவிட்டது, தேறியாகிவிட்டது. படித்தது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு இல்லை. பெர்த், மெல்பர்ன், பால்மர்ஸ்டன் நார்த் என்று கிளம்பும் நம் பிள்ளைகள் நாய், பூனைத் தாள்களை எப்படியும் தாண்டிவிடுகிறார்கள். கறவை மாட்டின் சினையும் தீவனமும் சேர்ந்து வரும் தாளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கும் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வினாத்தாள் ஒன்றுதான். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கரையேற்றுவது நாள்கோடு ஒன்றே. வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் போட்டுப் பழகுங்கள். வெள்ளைத் தாளில் கிடைக்கோடு ஒன்று, நடுவில் கன்று ஈன்ற நாள் 0. இடப்பக்கம் −60 வரை, வலப்பக்கம் 100 வரை. படிக்கும் ஒவ்வொரு எண்ணையும் இந்தக் கோட்டில்தான் குறிக்க வேண்டும்:

−60: பால் வற்றவிடுதல்.
−21: எதிர் அயனி உப்பு (பால் காய்ச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்ப்பது) தொடக்கம். ஹோல்ஸ்டீன் இன மாட்டின் சிறுநீர் பிஎச் 6.2–6.8 இருக்க வேண்டும், 7 தாண்டினால் உப்பு வேலை செய்யவில்லை.
0–2: பால் காய்ச்சல் (ரத்தத்தில் கால்சியம் குறைவது).
1: 24 மணி நேரத்தில் விழாத நஞ்சுக்கொடி.
3–14: ரத்தத்தில் பிஎச்பி (உடல் கொழுப்பு கரையும்போது உருவாகும் கீட்டோன்) லிட்டருக்கு 1.2 மில்லிமோல் தொட்டால் உள்ளுறை கீட்டோசிஸ், அதாவது வெளியே அறிகுறி தெரியாத கீட்டோன் மிகுதி.
40 சுமார்: கருப்பை பழைய நிலைக்குத் திரும்புதல்.
42–56: பால் உச்சம். தீவன உச்சம் அதற்கும் சில வாரம் பின்னால்.
85: ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் இதற்குள் சினை பிடித்தாக வேண்டும்.

பால் உச்சத்துக்கும் தீவன உச்சத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிதான் தாளின் பாதி. பாலுக்குச் செலவாகும் ஆற்றலைத் தீவனம் ஈடுகட்டாத காலம் அது. ‘70ஆம் நாள் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை, ஏன்?’ என்று கேட்டால் பெரும்பாலானோர் 70ஆம் நாளின் தீவனத்தைப் பற்றி எழுதுகிறார்கள். விடை 10ஆம் நாளில் இருக்கிறது. முட்டையைச் சுமக்கும் ஃபாலிகிள் வளர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். ஈன்றவுடன் ஆற்றல் பற்றாக்குறையில் வளரத் தொடங்கியதுதான் 60–80 நாள் கழித்து வெளியே வருகிறது என்பது அமெரிக்க ஆய்வாளர் ஜாக் பிரிட் 1990களில் முன்வைத்த கருத்து. அதோடு இந்தச் சங்கிலியையும் எழுதுங்கள்: குளுக்கோஸ் குறைவு, இன்சுலின் குறைவு, கல்லீரலிலிருந்து வரும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைவு, முட்டையை வெளியேற்றும் எல்எச் ஹார்மோனின் துடிப்பு மந்தம், முதல் முட்டை வெளியேற்றம் தாமதம். இடையில் ஒரு கண்ணி விட்டாலும் மதிப்பெண் போய்விடும்.

பற்றாக்குறையைக் கணக்காகவே கேட்பார்கள். 600 கிலோ மாடு, 4 விழுக்காடு கொழுப்புள்ள பால் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உடல் பராமரிப்புக்கு எடையின் 0.75 அடுக்கு (121) பெருக்கல் 0.10, அதாவது 12.1 மெகாகலோரி. பாலுக்கு 30 × 0.75 = 22.5. மொத்தம் 34.6. இரண்டாம் வாரத்தில் அது தின்பது 16 கிலோ உலர்பொருள், கிலோவுக்கு 1.65 என்றால் 26.4. துண்டு விழுவது நாளுக்கு 8.2 மெகாகலோரி. கவனிக்க: 0.10 என்பது அமெரிக்கத் தேசிய அகாதமிகளின் கறவை மாட்டு ஊட்டச்சத்துத் தேவை நூலின் 2021ஆம் ஆண்டு எட்டாம் பதிப்பு. 2001 பதிப்பில் அது 0.08. பழைய தீவன அட்டவணையோடு புதிய பராமரிப்பு எண்ணைச் சேர்த்தால் விடை இரண்டிலும் சேராது. எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அளவுகோல்கள் இன்னொரு கண்ணிவெடி. உடல்நிலை மதிப்பெண் (மாடு எவ்வளவு மெலிந்திருக்கிறது, கொழுத்திருக்கிறது என்பது) அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்தில் 1–5. ஆஸ்திரேலியாவில் 1–8. நியூசிலாந்தில் 1–10. அங்கே ஈனும் வளர்ந்த மாட்டுக்கு இலக்கு 5.0, முதல், இரண்டாம் ஈற்றுக்கு 5.5. அதே 5 அமெரிக்க அளவுகோலில் நகர முடியாத அளவு கொழுத்த மாடு! பாலில் யூரியாவும் இப்படித்தான். டெசிலிட்டருக்கு 19 மில்லிகிராமைத் தாண்டினால் சினை விகிதம் சரிகிறது என்பது யூரியா நைட்ரஜனுக்கான எண். யூரியாவாகக் கொடுத்திருந்தால் 2.14 ஆல் வகுத்துவிட்டுப் பேசுங்கள்.

ஓவ்சிங்கை (பருவத்துக்குக் காத்திராமல் ஹார்மோன் ஊசிகளால் நேரம் குறித்துச் சினை ஊசி போடும் முறை) எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள்: ஜிஎன்ஆர்எச், 7 நாளில் புரோஸ்டாகிளாண்டின், 56 மணியில் மறுபடி ஜிஎன்ஆர்எச், 16 மணியில் சினை ஊசி. எங்கே பிசகும் என்பதுதான் கேள்வி. முதல் ஊசிக்கு முட்டை வெளியேறாவிட்டால் பிந்தைய நேரக்கணக்கு எல்லாம் தப்பும். கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் திசு) முழுதாகக் கரையாவிட்டால் மிச்சமிருக்கும் புரோஜெஸ்டிரோன் கெடுக்கும். அதற்குத்தான் முதல் புரோஸ்டாகிளாண்டினுக்கு 24 மணி கழித்து இரண்டாவது.

வாய்மொழித் தேர்வுக்கு: கட்டுரைகளைத் தலைப்புவாரியாகக் குவிக்காதீர்கள். ஒரே விஞ்ஞானியைப் பிடித்துக்கொண்டு ஆண்டு வரிசையில் படியுங்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஃபில் கார்ன்ஸ்வொர்தி இதற்கு மிகப் பொருத்தம். 1982இல் டாப்ஸ் என்பவரோடு சேர்ந்து, கொழுத்து ஈனும் மாடு குறைவாகத் தின்று உடல் கரைகிறது என்று காட்டினார். 2004இல், சினை விகிதம் உயர்ந்தால் மாற்றுக்குக் கிடேரிகள் குறைவாகப் போதும், மந்தையின் மீத்தேன் குறையும் என்று கணக்கிட்டார். 2008, 2009இல் வந்த கட்டுரைகளில், மாவுச்சத்து மிகுந்த தீவனம் இன்சுலினை உயர்த்தி முட்டை வெளியேற்றத்தை முன்கூட்டுகிறது, ஆனால் அதே உயர்ந்த இன்சுலின் கருமுட்டையின் தரத்தைக் கெடுக்கலாம், ஆகவே சினை ஊசிக் காலத்தில் கொழுப்பு மிகுந்த தீவனத்துக்கு மாற்றலாம் என்று சொன்னார். தீவனமும் சினையும் ஒரே கேள்வி என்பது இந்த வரிசையில் படித்தால்தான் மண்டையில் ஏறும். எனக்குத் தனியாக உட்கார்ந்து படித்தால்தான் ஓடும், அதனால் இந்த வழி பிடித்தது. கூடிப் படிப்பவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை எடுத்துக்கொள்ளலாம்.

மந்தைக் கணக்கு வந்தால் சினை விகிதத்தை உடனே இரண்டாக உடையுங்கள்: எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டார்கள், அதில் எத்தனை சினை நின்றது. நியூசிலாந்து இலக்கு 6 வாரத்தில் 78 விழுக்காடு. 3 வாரத்தில் 90 விழுக்காடு மாடுகளுக்கு ஊசி போட்டு, அதில் 60 விழுக்காடு நின்றால் மந்தையில் 54 விழுக்காடு. மிச்சமுள்ள 46இல் அதே விகிதத்தில் இன்னொரு 25. இலக்கு வந்துவிட்டது. ஊசி போட்டது 70 விழுக்காடாகக் குறைந்தால் மொத்தம் 66தான். அப்போது தீவனத்தில் கை வைக்குமுன், பருவத்துக்கு வந்த மாட்டை யார், எந்த நேரத்தில், எப்படிக் கவனிக்கிறார்கள் என்று கேளுங்கள். வால் சாயம் (வாலடியில் பூசுவது, மற்ற மாடுகள் மேலே ஏறினால் அழியும்) அழிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். தேர்வாளர் எதிர்பார்ப்பது அந்தக் கேள்வியைத்தான்.