சீட்டில் எழுதாத அளவுகள்

கண் டாக்டரிடம் பரிசோதனை முடித்துச் சீட்டோடு வருகிற பலர், இனி ஃபிரேம் எடுத்துப் பணம் கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். சீட்டில் பவர் இருக்கும், கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரேபோல் இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் இருக்கும், அந்த சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்கிற ஆக்ஸிஸ் இருக்கும். அந்த லென்ஸ் இந்த முகத்தில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. மதுரையில் கண்ணாடிக் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கும் எனக்கு, அதை அளந்து எடுப்பதுதான் முக்கிய வேலை.

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை பி.டி. என்போம். பெரியவர்களுக்கு 60 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மொத்தத்தை மட்டும் அளந்து பாதியாகப் பிரிப்பது போதாது. மூக்கின் நடுவிலிருந்து ஒரு கண் 30, இன்னொரு கண் 32 என்று இருப்பது சாதாரணம்.

கல்லூரி மாணவி ஒருவர் வேறொரு கடையில் செய்த கண்ணாடியோடு வந்தார். மாலையானால் தலைவலி, கண் இழுக்கிறது என்றார். லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். சீட்டில் உள்ள அதே மைனஸ் 6. ஆனால் லென்ஸின் மையம் இரண்டு பக்கமும் கண்மணிக்கு நேராக இல்லை, 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. மைனஸ் 6 லென்ஸில் அவ்வளவு விலகினால் 3 டயாப்டர் பிரிஸம், அதாவது ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கும் தன்மை, சேர்ந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 6. அதைச் சரிக்கட்ட அந்தப் பெண்ணின் கண் தசைகள் நாள் முழுக்க இழுபட்டிருக்கின்றன. "போடப் போடப் பழகிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். புது சிலிண்டர் பழகச் சில நாள் ஆகும், உண்மைதான். ஆனால் மையத்தைக் குறித்துப் பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

சிலிண்டரிலும் இதே கண்டிப்பு வேண்டும். ஆக்ஸிஸ் 30 டிகிரி விலகிவிட்டால், அந்த சிலிண்டரைப் போட்டும் போடாததற்குச் சமம்.

அப்புறம், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற கேள்வி. தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறையில் கல் பதிக்கும் ஆசாரி ஒருவர் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருந்தார். "பேப்பர் நல்லாத் தெரியுது தம்பி, பட்டறையில உட்கார்ந்தாத்தான் தெரியல" என்றார். பட்டறையில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள் அண்ணாச்சி என்று சொல்லி, கண்ணிலிருந்து கை வரை டேப் வைத்தேன். 28 சென்டிமீட்டர்தான். அவருடைய பவரோ 40 சென்டிமீட்டரில் படிப்பதற்கானது. அந்த அளவைச் சீட்டின் பின்னால் எழுதி டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். பவரை மாற்றுவது என் வேலையில்லை. டாக்டர் வேறு பவர் எழுதித் தர, பட்டறைக்கென்று தனிக் கண்ணாடி செய்தோம். தையல் மிஷின் முன்னால் உட்காருபவருக்கு இதுவே தலைகீழ், துணி இன்னும் தள்ளி இருக்கும்.

எல்லோருக்கும் புரோக்ரெசிவ் லென்ஸை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. தூரம், நடு, கிட்டம் மூன்றும் ஒரே லென்ஸில் வேண்டியவருக்கு அது அருமையானது. அதன் இரு ஓரங்களும் மங்கும், படி இறங்கும்போது தலையைக் குனிந்து மேல் பகுதி வழியாகத்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லித் தராமல் விற்கக் கூடாது. தூரப் பார்வை நன்றாக இருந்து, பூக் கட்ட மட்டும் கண்ணாடி கேட்கும் அக்காவுக்கு எதற்கு அவ்வளவு செலவு?

குழந்தைகளுக்கு மூக்குத் தண்டு தாழ்ந்திருப்பதால் ஃபிரேம் வழுக்கும், பிள்ளை கண்ணாடிக்கு மேலாகவே பார்க்கும். பெற்றோர் வெட்கப்படாமல் வந்து நோஸ் பேடையும் காதுக் கம்பியையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் முகாம்களில், லென்ஸைச் சீவி ஃபிரேமில் பொருத்தி அங்கேயே கையில் கொடுக்கும் வழக்கம் உண்டு. சீட்டை மட்டும் கொடுத்தால், டவுனுக்கு வந்துபோக ஒரு நாள் கூலியை விட வேண்டியவர்களில் எத்தனை பேர் கண்ணாடி வாங்குவார்கள்? அந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

எங்களிடம் முதலில் வந்து சேரும் சில சங்கதிகள் கண்ணாடியால் தீராதவை. சர்க்கரை ஏறி இறங்கினாலே பவர் மாறியதுபோல இருக்கும், அப்போது அவசரமாக லென்ஸ் மாற்றினால் பணம்தான் வீண். கண் நீர் அழுத்த நோயில் பக்கப் பார்வை போனால் எந்த லென்ஸும் திருப்பித் தராது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது, திரை இறங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விழித்திரை பிரிந்திருக்கலாம். கடைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு லென்ஸ் சீவச் சொல்லித்தரும் முன்பே, எந்தெந்த வார்த்தை காதில் விழுந்தால் ஃபிரேம் பெட்டியை மூடிவிட வேண்டும் என்று இவற்றைத்தான் சொல்லித்தருகிறேன்.