ஊசிக்கோபுரத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோயில்

பாளையங்கோட்டையில் படித்தவர்களிடம் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலைப் பற்றிக் கேட்டால் ஊசிக்கோபுரத்தைத்தான் சொல்வார்கள். சுற்றுவட்டாரமெல்லாம் கல்லூரியும் பள்ளிக்கூடமும்தான். பரீட்சை நேரத்தில் முழங்காலில் நிற்கிற பிள்ளைகளுக்கு அங்கே குறைவே இருக்காது. அதில் எந்த மதம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் இந்த முறை முதலில் போனது கிளாரிந்தா ஆலயத்துக்கு. பெரியவர்கள் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோயில்.

கிளாரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமணப் பெண், விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவ வேதத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மானிய மிஷனரியான ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். முறையான கல்யாணம் இல்லையே என்பது காரணம். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ஆம் வருஷச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் கிளாரிந்தா.

மறுத்த அன்றைக்கே அவர் மனம் வெறுத்து விலகியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? அவரோ கைப்பணத்தையும் போட்டு 1785இல் கோயிலைக் கட்டி முடித்தார். பிரதிஷ்டை செய்ய வந்தவர் அதே ஸ்வார்ட்ஸ் ஐயர். எனக்கு இந்தக் கோயிலின் பெரிய பிரசங்கமே அதுதான். அந்த வருஷம் இங்கிருந்து ஸ்வார்ட்ஸ் தஞ்சைக்குக் கூட்டிப்போன ஒரு சிறுவன்தான் பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார். இன்றைக்கும் நம் சபைகளில் அவர் கீர்த்தனை இல்லாமல் ஆராதனை ஏது?

கட்டடம் சின்னதுதான். கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில் குட்டியார் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உள்ளே இருந்து ஜெபிக்கலாமா?"

"தாராளமா இருங்க தம்பி. போறப்போ ஃபேனை மட்டும் அமத்திருங்க."

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொள்ளப் பெரிய விண்ணப்பம் ஒன்றும் இல்லை. அந்தம்மா பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணத் தோன்றியது, பண்ணினேன்.

அப்புறம் ஊசிக்கோபுரம் இருக்கும் முருகன்குறிச்சி. ஜெர்மானிய மிஷனரியான ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். மிஷனுக்கு இடம் கொடுத்து உதவியவர் வேங்கு முதலியார் என்ற இந்து. இங்கே பரிசுத்த திரித்துவ ஆலயம் 1826இல் பிரதிஷ்டையானது. ஊருக்கே அடையாளமான கோபுரம் எழும்பியது 1845இல். அதாவது, கோயிலைக் கட்டிய ரேனியஸ் அந்த ஊசிக்கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. 1838லேயே அவர் காலம் முடிந்துவிட்டது. 1896இல் திருநெல்வேலி அத்தியட்சாதீனம், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள திருச்சபைப் பகுதி, உருவாகி, பிறகு இது பேராலயமானது.

ரேனியஸின் கடைசி வருஷங்கள் நிம்மதியானவை அல்ல. சபைகளில் போதித்துவந்த உபதேசியார்களைக் குருவாக்குவது யார், எந்த முறைப்படி என்பதில் அவருக்கும் அனுப்பிய மிஷனரிச் சங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1835இல் விலக்கிவிட்டார்கள். சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. அவர் இறந்த பிறகுதான் திரும்ப ஒன்றாயின. கல்லறை அடைக்கலாபுரத்தில் இருக்கிறது. தான் கட்டிய கோயில் வளாகத்தில் இல்லாமல் தள்ளி ஒரு இடத்தில் அவர் கிடப்பது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஊரில் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

போக நினைப்பவர்கள் ஞாயிறு காலை ஊசிக்கோபுரத்தில் ஆராதனைக்கு உட்கார்ந்துவிட்டு, பிறகு பாப்பாத்தியம்மாள் கோயிலைப் பாருங்கள். கல்லறைக்குச் சாயங்காலம் போவது நல்லது. பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்!