கிதார் வழிவிட்டு நிற்கும் பாடல்கள்

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவை விரும்பிக் கேட்டவர்களில் பலர், 1995-இல் அக்குழு கலைந்த பிறகு அதன் பாடகரும் கிதார் கலைஞருமான மார்க் நாஃப்ளர் என்ன செய்தார் என்று கவனிக்கவில்லை. நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். 1985-இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' தொகுப்பின் கிதார் ஒலி மனத்தில் ஊறிப்போயிருந்ததால், 1996 முதல் அவர் தனித்து வெளியிட்ட தொகுப்புகளிலும் அதையே தேடினேன். கிடைக்காதபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். பாடல் வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடலிலும் பேசுவது யார் என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான், அவர் பாடலாசிரியராக எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது எனக்குப் புலப்பட்டது.

முழுநேர இசைக்கு வருமுன் நாஃப்ளர் லீட்ஸ் நகரில் 'யார்க்‌ஷயர் ஈவ்னிங் போஸ்ட்' நாளிதழின் இளம் செய்தியாளராக இருந்தவர். அந்தப் பயிற்சி அவருடைய பிற்காலப் பாடல்களில் அப்படியே தெரிகிறது. தன் மனநிலையைப் பாடுவதைவிட, இன்னொருவருடைய வாழ்க்கையை விசாரித்து அறிந்து, அவருடைய குரலிலேயே சொல்வதில்தான் அவருக்கு நாட்டம். 2000-இல் வந்த 'செய்லிங் டு ஃபிலடெல்ஃபியா' தொகுப்பின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளலாம். 1763 முதல் 1767 வரை பென்சில்வேனியா, மேரிலாந்து எல்லையை அளந்து கோடு போட்ட சார்லஸ் மேசன், ஜெரமையா டிக்சன் இருவரும் கப்பலில் உரையாடிக்கொண்டு போவதுதான் பாட்டு. மேசனாக அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர் பாடுகிறார். இங்கிலாந்தின் வடகிழக்கிலிருந்து போன டிக்சனின் குரலை, அதே பகுதியில் வளர்ந்த நாஃப்ளர் தனக்கென வைத்துக்கொண்டார்.

2003-இல் லண்டனில் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, சில மாதங்கள் அவரால் கிதார் வாசிக்க முடியாமல் போயிற்று. அடுத்த ஆண்டு வந்த 'ஷாங்ரி-லா' தொகுப்பில், மெக்டொனால்ட்ஸை உலகெங்கும் பரப்பிய ரே கிராக் தன் கதையைத் தானே சொல்வதும், குத்துச்சண்டை வீரர் சோனி லிஸ்டனின் வாழ்க்கையும் பாடல்களாயின.

ஆனால் என்னை முழுமையாக ஆட்கொண்டது 2009-இல் வந்த 'கெட் லக்கி' தொகுப்பின் 'சோ ஃபார் ஃப்ரம் தி கிளைட்' என்ற பாடல். கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட ஒரு கப்பல், வெகுதொலைவில் ஒரு கடற்கரையில் உடைக்கப்படுகிறது. பாடலில் நடப்பது அவ்வளவுதான். கப்பலில் மிகச் சிலரே இருக்கிறார்கள். கடைசிச் சாப்பாடு முடிந்து, சமையலறைப் பாத்திரங்களில் மிச்சக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. கேப்டன் ஒதுங்கிக்கொள்ள, கப்பலைக் கரையேற்றிச் சாகடிக்கவே கூலி பெறும் மனிதன் வந்து அதை முழு வேகத்தில் தரைமீது மோதவிடுகிறான். பாடல் அவனைத் தூக்கிலிடுபவன் என்றே அழைக்கிறது. பிறகு கேப்டன் அவனோடு கைகுலுக்கி, எண்ணெய் படிந்த ஈரத் தரையில் மெல்ல இறங்கி, தனக்காகக் காத்திருக்கும் காரை நோக்கித் தலைகுனிந்து நடக்கிறார். உடைக்க வரும் தொழிலாளர்கள்மீது பாடல் சிறிதும் குறை சொல்வதில்லை. இரக்கத்தையோ நேரத்தையோ வீணாக்க முடியாத அளவுக்கு அவர்கள் ஏழைகள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறது. இறுதியில் மணலில் ஒரு கறைதான் எஞ்சுகிறது. அந்தக் கைகுலுக்கலை எழுத வேண்டும் என்று தோன்றிய மனத்தை நான் வணங்குகிறேன். துயரம் என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் முழுத் துயரத்தையும் அந்த ஒரு செயலில் அவர் வைத்துவிட்டார்.

இத்தகைய பாடல்களில் கிதாரின் வேலையும் மாறிவிடுகிறது. நாஃப்ளர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆனாலும் வலக்கைக்காரரைப் போலவே கிதாரைப் பிடித்து, பெரும்பாலும் பிக் எனும் மீட்டும் வில்லை இல்லாமல் கட்டைவிரலாலும் அடுத்த இரு விரல்களாலும் வாசிப்பவர். நரம்பை விரலின் சதை நேரடியாகத் தொடுவதால் எழும் அந்த மென்மையான ஒலி, முன்பு நீண்ட தனி வாசிப்புகளாக விரிந்தது. இப்போது வரிகளுக்கு நடுவே இரண்டு மூன்று சுரங்களில் பதில் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. எல்லாத் தொகுப்புகளும் எனக்கு ஒன்றுபோல் நிறைவளித்தன என்று சொல்லமாட்டேன். 2012-இல் இரட்டைத் தொகுப்பாக வந்த 'பிரைவட்டியரிங்' 20 பாடல்கள் கொண்டது. அதில் ப்ளூஸ் பாடல்களில் சிலவற்றைக் குறைத்திருந்தால் மற்றவை இன்னும் துலங்கியிருக்கும்.

'கெட் லக்கி' தொகுப்பின் கடைசிப் பாடல் 'பைப்பர் டு தி எண்ட்'. பேக்பைப் எனும் பை பொருத்திய குழலிசைக் கருவியை வாசிப்பவராகப் படையில் இருந்த நாஃப்ளரின் தாய்மாமன், 1940 மே மாதம் பிரான்சில் அராஸ் நகருக்கு அருகே, தன் 20ஆம் வயதில் போரில் மாண்டார். தான் பிறக்கும் முன்பே இறந்துவிட்ட அந்த மாமனின் குரலை நாஃப்ளர் தன் அறுபதாம் வயதில் எடுத்துக்கொள்கிறார். பாடலில் அந்த இளைஞன் போரைப் பற்றி முறையிடுவதில்லை. மேலுலகில் பேக்பைப் இல்லையென்றால் கீழுலகத்துக்கே போய்விடுவதாகச் சொல்கிறான்.